ஃபிராங்கன்ஸ்டைனும் பேச்சுத்துணையும்: சனிக்கிழமைக் கூட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில், சாட்ஸ்வொர்த்தில், சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு கராஜில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு பழைய நாவலைப் படிக்கிறோம். இங்கிலீஷில் வாசித்துவிட்டுத் தமிழில் பேசிக்கொள்வோம். தமிழ் பாதி மறந்துபோன பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வகுப்பு மாதிரி ஆகிவிடுகிறது. மூன்று மாதமாக மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கேட்ட கேள்வியையே கேட்கிறார்கள், நானும் சொன்ன பதிலையே சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கதை முழுக்க இதில் வந்துவிடும். முடிவு தெரியக்கூடாது என்கிறவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள்.

கதையை ஒரு மூச்சில் சொல்லுங்களேன்?

ஜெனீவாக்காரன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன். ஜெர்மனியில் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறபோது, பிணங்களிலிருந்து உறுப்புகளை எடுத்துச் சேர்த்து எட்டடி உயரத்தில் ஓர் உடலைச் செய்து அதற்கு உயிரும் கொடுத்துவிடுகிறான். அது கண் திறந்த கணமே பயந்து ஓடிவிடுகிறான். அநாதையாக விடப்பட்டவன் காட்டில் அலைந்து, ஒரு குடும்பத்தை ஒளிந்திருந்து பார்த்துப் பேசக் கற்று, அவர்களிடம் போய் அடிபட்டு, கடைசியில் வன்மம் பிடித்து விக்டரின் சின்னத் தம்பி வில்லியமைக் கொல்கிறான். அந்தப் பழி வீட்டு வேலைக்காரப் பெண் ஜஸ்டின் மேல் விழுந்து அவள் சாகிறாள். ‘எனக்கு ஒரு துணை செய்து கொடு’ என்று விக்டரிடம் கேட்கிறான். விக்டர் ஒப்புக்கொண்டு, பாதி செய்து, பிய்த்துப் போடுகிறான். பதிலுக்கு விக்டரின் நண்பன் கிளெர்வல் போகிறான், கல்யாண ராத்திரியில் மனைவி எலிசபெத் போகிறாள். விக்டர் அவனைத் துரத்திக்கொண்டு வடதுருவப் பனிவரை போய், வால்டன் என்பவனின் கப்பலில் ஏறி, அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சாகிறான்.

ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயர்தானே?

இல்லை. செய்தவனின் குடும்பப் பெயர் அது. செய்யப்பட்டவனுக்குப் பெயரே கிடையாது. பேய், பிசாசு, பூதம் என்று வாய்க்கு வந்ததெல்லாம் அவனைக் கூப்பிடுகிறார்கள்.

இதைச் சொன்ன அன்று எங்கள் கூட்டத்தில் ஒரு தாத்தா, தன் பாட்டனாரின் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் இருந்த எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் ஒப்பந்தக் கூலிகளாக 342 பேரோடு இங்கே வந்தது. 1911-க்குள் 1,52,184 பேர் வந்து சேர்ந்தார்கள். எல்லாருக்கும் ஓர் எண். பெயரை எழுத்தர் கன்னாபின்னாவென்று எழுதியிருப்பார், எண் மட்டும் சுத்தமாக இருக்கும். ‘நமக்காவது நம்பர் கொடுத்தான், இவன் அதுகூடக் கொடுக்கவில்லையே’ என்றார் தாத்தா. சிரித்தோம், ஆனால் அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பக்கத்தைப் புரட்டவில்லை.

பூதத்தைப் போய் ‘அவன்’ என்கிறீர்களே, ‘அது’ என்றல்லவா சொல்ல வேண்டும்?

தமிழில் பேசினால் இந்த வம்பிலிருந்து தப்ப முடியாது. உயர்திணையா அஃறிணையா என்று வினைமுற்று வருவதற்குள் முடிவு செய்தாக வேண்டும். முதல் இரண்டு வாரம் எல்லாரும் ‘அது வந்தது, அது ஓடியது’ என்றுதான் சொன்னோம். அவன் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கும் இடத்தில் எங்களை அறியாமலே ‘அவன்’ வந்துவிட்டது. யாரும் தீர்மானம் போடவில்லை.

இது பயமுறுத்துகிற கதை, இதில் தனிமை எங்கே வந்தது?

முதல் பத்துப் பக்கத்தைப் படியுங்கள், பூதமே இருக்காது. வால்டன் என்ற இளைஞன் ரஷ்யாவிலிருந்து இங்கிலாந்தில் இருக்கும் தன் சகோதரி மார்கரெட்டுக்கு எழுதும் கடிதங்கள்தான் இருக்கும். வயது இருபத்தெட்டு, கையில் பணம், கப்பல், ஆட்கள், வடதுருவத்துக்குப் போகிற கனவு. இரண்டாவது கடிதத்திலேயே உடைந்துவிடுகிறான்: எனக்கு ஒரு சிநேகிதன் இல்லை மார்கரெட், ஜெயித்தால் கூடச் சந்தோஷப்பட ஆளில்லை, தோற்றால் தாங்கிப் பிடிக்க ஆளில்லை, காகிதத்தில் எழுதுவதெல்லாம் போதவில்லை, என் கண்ணுக்குப் பதில் சொல்கிற ஒரு கண் வேண்டும் என்கிறான்.

நம் மொழியில் இதற்கெல்லாம் தனித்தனி வார்த்தை இருக்கிறது. வழித்துணை, வாழ்க்கைத்துணை, பேச்சுத்துணை. ராத்திரி வெளியே போகச் சின்னப் பிள்ளையைத் ‘துணைக்கு வா’ என்று கூப்பிடுவோம், அது ஒரு துணை. வால்டனுக்குக் கப்பல் நிறைய வழித்துணை உண்டு, பேச்சுத்துணைதான் இல்லை. இந்த நாவலில் எல்லாரும் தேடுவது இதைத்தான் என்பது என் கட்சி. கீழே வரும் பாதிப் பதில்கள் இந்த ஒரு வார்த்தையைச் சுற்றித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மார்கரெட் எழுதிய பதில் என்று ஒரு வரிகூட நாவலில் கிடையாது. முழு நாவலும் அவளுக்கு எழுதிய கடிதக் கட்டுதான், விக்டர் சொன்ன கதையும் அதற்குள் பூதம் சொன்ன கதையும் அந்தக் கட்டுக்குள்தான் இருக்கின்றன, ஆனால் அவள் குரல் மட்டும் நமக்குக் கேட்பதே இல்லை.

யாருமே இல்லாமல் அவன் எப்படிப் பேசக் கற்றான்?

எனக்குப் பிடித்த பகுதி இது, அதனால் நீளும்.

காட்டில் ஒரு குடிசை, அதை ஒட்டி ஒரு சின்னக் கொட்டகை. கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டு சுவரில் இருந்த இடுக்கு வழியாக அந்த வீட்டைப் பார்க்கிறான். கண் தெரியாத கிழவர் டி லேசி, மகன் ஃபீலிக்ஸ், மகள் அகதா. ஆரம்பத்தில் அவர்கள் சாப்பாட்டில் கொஞ்சம் திருடித் தின்கிறான். அவர்களே அரைவயிற்றோடு இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டுக் காட்டுக் காய்களுக்கு மாறுகிறான். ராத்திரியில் விறகு வெட்டி வாசலில் போட்டுவிட்டு வருகிறான். காலையில் அவர்கள் ஆச்சரியப்படுவதைப் பார்த்து உள்ளுக்குள் சந்தோஷம். யாரோ தேவதை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் அவன் பிடித்துக்கொண்ட சொற்கள் நெருப்பு, பால், ரொட்டி, விறகு. பிறகு ஆட்களின் பெயர்கள். இங்கேதான் எங்கள் கூட்டத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். இளையவர்களுக்குப் பல பெயர் இருக்கிறது, அந்தப் பெண் அகதா, தங்கை. அந்தப் பையன் ஃபீலிக்ஸ், அண்ணன், மகன். ஆனால் கிழவருக்கு ஒரே பெயர்தான், அப்பா என்கிறான். நம் வீட்டுக் குழந்தையும் இப்படித்தானே கற்கிறது? ஆயாவுக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு என்பதே எனக்குப் பள்ளிக்கூடப் படிவம் நிரப்பிய அன்றுதான் தெரியும். முறை சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறவர்களுக்கு இது சாதாரணம். இடுக்கு வழியாகப் பார்க்கிறவனுக்கோ, அண்ணன், தங்கை, அப்பா என்று ஒவ்வொரு சொல்லையும் கற்கிறபோதே, இதில் ஒன்றுகூடத் தன் வாயால் யாரையும் கூப்பிட உதவாது என்பதும் தெரிந்துபோகிறது.

பிறகு சஃபி என்ற துருக்கிய வியாபாரியின் மகள் அந்த வீட்டுக்கு வருகிறாள், அவளுக்கு ஃபீலிக்ஸ் பாடம் சொல்லிக் கொடுப்பதை ஒட்டுக்கேட்டு இவனும் எழுத்துவரை கற்றுவிடுகிறான். கேட்பாரற்றுக் கிடந்த ஒரு தோல் பெட்டியில் மில்டன், புளூடார்க், கோத்தே மூன்று பேரின் புத்தகங்களும் கிடைக்கின்றன. ஆதாமும் சாத்தானும் வரும் மில்டனின் காவியத்தைப் படித்துவிட்டு ஆதாமோடும் சாத்தானோடும் தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிறான்: சாத்தானுக்குக்கூடக் கூட்டாளிகள் இருந்தார்கள் என்பதுதான் அவன் மனசில் தைக்கிறது.

மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு, மற்றவர்கள் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கிழவரிடம் போகிறான். கிழவருக்கு முகம் தெரியாது, குரல்தான் தெரியும். உட்காரச் சொல்கிறார், பரிவாகப் பேசுகிறார். பிறந்ததிலிருந்து ஒரு மனிதன் அவனோடு பேசிய முதல் பேச்சு. அதற்குள் பிள்ளைகள் திரும்பிவிட, அகதா மயங்கி விழ, சஃபி ஓட, ஃபீலிக்ஸ் கழியால் அடிக்கிறான். ஒரே இழுப்பில் அவனைக் கிழித்துப் போட்டிருக்கலாம், செய்யவில்லை. பேசாமல் வெளியேறுகிறான்.

அவனுக்குப் பெண் துணை செய்து கொடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்காதா?

கராஜில் சண்டையே வந்த கேள்வி. ஆண்கள் பெரும்பாலும் ‘செய்து கொடுத்திருக்கலாமே’ என்றார்கள். அவன் கேட்டதும் நியாயமாகத்தான் இருக்கிறது: என்னைப் போலவே கோரமாக ஒருத்தியைச் செய், இரண்டு பேரும் தென் அமெரிக்கக் காட்டுக்குப் போய்விடுகிறோம், காயும் கொட்டையும் எங்களுக்குப் போதும், மனிதர்கள் கண்ணிலேயே படமாட்டோம் என்கிறான்.

விக்டர் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் ஒன்றில் உட்கார்ந்து வேலையைத் தொடங்குகிறான். பாதியில் யோசனை வருகிறது. மனிதர் கண்ணில் படமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தவன் அவன்தான், அவள் இல்லையே, அவள் சம்மதிக்காவிட்டால்? இவனைப் பார்த்து அவளே வெறுத்தால்? இரண்டு பேருக்கும் பிள்ளை பிறந்து உலகத்தில் பெருகினால்? ஜன்னலில் அவன் முகம் தெரிகிற அந்த நேரத்திலேயே, அவன் கண் முன்னாலேயே பிய்த்துப் போடுகிறான். ‘உன் கல்யாண ராத்திரியில் வருவேன்’ என்று சொல்லிவிட்டு அவன் போகிறான்.

அப்போது ஓர் அக்கா கேட்டார்: ‘சரி, செய்து கொடுத்திருந்தால் அவள் யாரிடம் போய்த் தனக்கு ஒரு துணை கேட்பாள்?’ பதில் சொல்ல ஆளில்லை. டர்பன் இருக்கும் இந்த நடாலுக்குக் கூலி ஆள் பிடித்தபோது நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். அந்த நாற்பதில் ஒருத்தியாகக் கணக்குக்காக ஏற்றப்பட்ட பெண்ணின் மனசு எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை, பாட்டன்மார் பட்ட தனிமையைத்தான் கதை கதையாகக் கேட்டிருக்கிறோம். ‘துணை கொடு’ என்று ஒருவன் கேட்கிறபோது கொடுக்கப்படுகிறவள் பொருளாகிவிடுகிறாள். விக்டர் அவள் சம்மதத்தைப் பற்றி யோசித்தது சரி. ஆனால் யோசித்துவிட்டு அவளைத்தானே பிய்த்தான்!

என் கணக்கில் அவன் முதலில் கேட்டது பேச்சுத்துணை, அது கிழவர் வீட்டில் கிடைக்காமல் போன பிறகு கேட்டதுதான் வாழ்க்கைத்துணை. வரிசையைக் கவனித்தால் இது தெரியும். நடுவில் வில்லியமைப் பார்த்ததும்கூட, சின்னப் பிள்ளைக்கு வெறுப்புத் தெரியாது, இவனைத் தூக்கிப்போய் வளர்த்தால் எனக்கு ஒரு கூட்டாளி கிடைப்பான் என்றுதான் நினைக்கிறான். பிள்ளை அலறி, தன் அப்பா ஃபிராங்கன்ஸ்டைன் என்று சொன்ன பிறகுதான் அந்தக் கொலை.

விக்டருக்கு என்ன குறை? அப்பா, தம்பி, நண்பன், காதலி எல்லாரும் இருந்தார்களே?

குறையே இல்லை, அதுதான் எரிச்சல். வீட்டிலிருந்து வரும் கடிதத்துக்குப் பதில் போடாமல் அறையைப் பூட்டிக்கொண்டு பிணத்தோடு உட்கார்ந்திருக்கிறான். காய்ச்சலில் விழுந்தபோது மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவன் கிளெர்வல். அவனிடமும் உண்மையைச் சொல்லவில்லை. ஜஸ்டின் நிரபராதி என்று தெரிந்தும் நீதிமன்றத்தில் அதைச் சொல்லவில்லை. எலிசபெத்திடம், ஒரு பயங்கர ரகசியம் இருக்கிறது, கல்யாணத்துக்கு மறுநாள் சொல்கிறேன் என்று எழுதுகிறான். மறுநாள் அவளுக்கு வரவே இல்லை. பேச்சுத்துணை நாலு பேர் இருந்தும் பேசாதவன் அவன்.

தனிமைதான் கெடுத்தது என்றால், அவன் செய்த கொலைகளை மன்னிக்கலாமா?

மன்னிக்க முடியாது என்றுதான் நான் சொல்கிறேன். அவன் சொல்கிற ஒரு வாக்கியம் பிரபலம்: துயரம்தான் என்னைப் பிசாசாக்கியது, என்னைச் சந்தோஷமாக வை, மறுபடி நல்லவனாக இருக்கிறேன். காரணம் என்ற அளவில் ஒப்புக்கொள்கிறேன். ஆற்றில் மூழ்கிய சிறுமியைக் காப்பாற்றிவிட்டு அதற்குப் பரிசாகத் துப்பாக்கிக் குண்டு வாங்கியவன் அவன், உலகம் அவனுக்கு நல்லது செய்யவில்லை. ஆனால் ஜஸ்டின்? வைக்கோலில் தூங்கிக்கொண்டிருந்த பெண், அவனை ஏறெடுத்தும் பார்க்காதவள். வில்லியமின் கழுத்தில் இருந்த படத்தை எடுத்து அவள் உடைக்குள் செருகிவிட்டுப் போகிறான், அவள் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றே. அது ஆத்திரம் இல்லை, திட்டம்.

ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் என்னோடு உடன்படவில்லை. அவர் வேலை பார்த்த வார்டில், யாரும் பார்க்க வராத நோயாளிகள்தான் தட்டைத் தூக்கி எறிவார்களாம். இருக்கலாம். தட்டும் கழுத்தும் ஒன்றா என்று கேட்டேன், அத்தோடு அன்றைய கூட்டம் முடிந்தது.

இவ்வளவு தனிமையை எழுதிய அம்மாள் யார்?

எழுதத் தொடங்கியபோது ‘அம்மாள்’ இல்லை, பதினெட்டு வயதுப் பெண். மேரி 1797-ல் பிறந்து சில நாளில் தாயை இழந்தவர். 1815-ல் அவருடைய முதல் குழந்தை குறைமாதத்தில் பிறந்து இறந்துபோனது. அதே 1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது, அதன் தூசியால் அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடைக்காலமே சரியாக வரவில்லை. 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்த நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பந்தயம் வைத்தார்கள், அதில் பிறந்தது இது. 1818-ல் ஆசிரியர் பெயர் போடாமல் 500 பிரதி வந்தது. அப்புறம் 1822-ல் கணவர் கடலில் மூழ்கினார். பிறந்த நாலு பிள்ளைகளில் ஒரே ஒரு மகன் மிஞ்சினான். வாழ்க்கையை வைத்தே நாவலைப் படிப்பது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் தாயில்லாத பிள்ளை தாயில்லாத பிறவியைப் பற்றி எழுதியதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

படம் பார்த்திருக்கிறேன், போதாதா?

போதாது. 1931 படத்தில் அவன் உறுமுவதோடு சரி. நாவலில் எல்லாரையும்விட அழகாகப் பேசுகிறவன் அவன்தான். அவன் வாயை அடைத்துவிட்டால் மிச்சம் வெறும் பூதம்தான். நேரமில்லை என்றால் 1831 பதிப்பில் பதினொன்றிலிருந்து பதினாறாம் அத்தியாயம்வரை மட்டுமாவது படியுங்கள், அவனே சொல்லும் கதை. நாவல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

முடிவில் யாராவது அவன் பேச்சைக் கேட்கிறார்களா?

கேட்கிறார்கள், ஆனால் எப்படிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். கூட்டத்துக்கு நடுவே கரண்ட் போன ஒரு சனிக்கிழமைதான் எங்களுக்கு இது பிடிபட்டது. மெழுகுவத்தி தேடக்கூடச் சோம்பல், ஒரு பையன் போன் வெளிச்சத்தில் வாசித்தான், மற்றவர்களுக்கு யார் முகமும் தெரியவில்லை. அவன் பேச்சை யாராவது காது கொடுத்துக் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் கண் மூடியிருக்கிறது. டி லேசிக்குப் பார்வையே இல்லை. பனிமலையில் விக்டர் ‘என் கண் முன்னால் நிற்காதே’ என்று கத்தும்போது, அவன் தன் கையால் விக்டரின் கண்ணை மறைத்து, பார்க்க வேண்டாம், கேள் என்கிறான். கடைசியில் விக்டரின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருப்பவனை வால்டன் பார்க்கிறான், தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொள்கிறான், மூடியபடியே ‘இரு, போகாதே’ என்கிறான். என் கண்ணுக்குப் பதில் சொல்கிற கண் வேண்டும் என்று எழுதியவன்தான் இந்த வால்டன்.

அவன் நிற்கிறான், பேசுகிறான். விக்டரைக் கொன்று தீர்த்ததில் தனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை என்கிறான். வால்டனுக்கு மனசு இளகுகிறது, உடனே இறந்துபோன நண்பனின் நினைவு வந்து ஏசுகிறான். சிநேகிதன் இல்லை என்று ஏங்கின ஒருத்தனும், பேச ஆளே இல்லாத ஒருத்தனும் ஒரே அறையில் சில நிமிடம் இருந்துவிட்டுப் பிரிகிறார்கள். சிதை மூட்டி எரிந்துபோகிறேன் என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகப் பனிக்கட்டி மேல் குதிக்கிறான், அலை இழுத்துக்கொண்டு போய் இருட்டில் மறைந்துவிடுகிறான். செத்தானா என்று நாவல் சொல்லவில்லை.

புத்தகம் படிக்கத் தெரியாதவர்கள் வரலாமா?

தாராளமாக. எங்கள் கூட்டத்தில் மிகவும் கவனமாகக் கேட்கிறவர் எண்பது தாண்டிய ஓர் ஆயா. டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்து, அறுபதுகளில் அங்கிருந்தவர்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து போட்டபோது புருஷனோடு வந்தவர். கண் மங்கிவிட்டது, பிள்ளைகள் இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவில். கதவுப் பக்கத்து நாற்காலி அவருடையது, அதில் உட்காராதீர்கள். ரஸ்க் கொண்டுவருகிறவர்கள் டீயில் ஊறுகிற மாதிரி கொண்டு வாருங்கள், அவருக்குப் பல் இல்லை. ஒவ்வொரு வாரமும் உள்ளே வந்து உட்காருவதற்குள் அவர் கேட்பது ஒரே கேள்வி: ‘அந்த மார்கரெட் பதில் போட்டாளா?’

இன்னும் இல்லை ஆயா என்கிறோம். ‘போடுவாள், கப்பல் தபால் லேட்டாகும்’ என்று சொல்லிவிட்டு முக்காட்டைச் சரி செய்துகொள்கிறார்.